எழுத்தில்லாத டிரைவ்

எடுத்துவிடலாம் என்றுதான் சொன்னார், அழித்துவிடலாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் தம்பி முரளிக்கு இரண்டும் ஒன்றுதான். கடையில் ஒரு நாளைக்கு நாலு கம்ப்யூட்டரைத் துடைத்துப் புதிதாக்கிக் கொடுக்கிறவன், இது வேண்டாத டிரைவ் என்று அண்ணன் கைகாட்டினால் உள்ளே என்ன ஏது என்று பார்க்காமல் ஃபார்மட் போட்டுவிட்டு, அண்ணி காபி என்பான். ஐந்து மணிக்கு இருவரும் சேர்ந்து வருவார்கள். நித்திலாவின் பள்ளி வேன் நாலே முக்காலுக்கு. இப்போது மணி மூன்று பத்து. நேரம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது, வேலை ஒரு நிமிஷ வேலை. ரைட் கிளிக், டிரைவ் எழுத்தை மாற்றுகிற வரி, ரிமூவ், எஸ். நாலு தட்டு. எஃப் என்ற அந்த எழுத்து போய்விட்டால் டிரைவ் கண்ணுக்குத் தெரியாது, உள்ளே இருப்பது உள்ளேயே கிடக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் பத்து நிமிஷமாக மவுஸின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்குகிறது, நைட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறேன், திரையில் அந்தச் சிவப்புப் பட்டையைப் பார்க்கிறேன். காலையில் அவர் கண்ணில் பட்டதும் அதுதான். பிளஸ் டூ கேள்வித்தாளைத் தேடி உட்கார்ந்தவர், பொற்கொடி இங்க வா என்றார். குரலில் ஒன்றும் இல்லை. குரலில் ஒன்றும் இல்லாதபோதுதான் எனக்குப் பயம். சாம்பார் கரண்டியோடு போய் நின்றேன்.

“இது என்ன, எஃப்னு புதுசா ஒண்ணு? நேத்து இல்லையே.”

“தெரியலைங்க. சிஸ்டம் ரிசர்வ்டுன்னு போட்டிருக்கு. கம்ப்யூட்டருக்கே உள்ளது போல.”

“நிறைஞ்சுபோய்ச் சிவப்பா நிக்குது. வைரஸா இருக்கப்போகுது. நீ ஏதாவது நோண்டினியா?”

“உங்க கொஸ்டின் பேப்பர் டைப் பண்றதோட சரிங்க.”

அவர் அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டினார். திறந்தது. உள்ளே பூட் என்று ஒரே ஒரு மஞ்சள் உறை. கரண்டியிலிருந்து சொட்டு தரையில் விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்டது. இன்னும் இரண்டு தட்டு, அவ்வளவுதான், பதினைந்து வருஷமும் வெளியே வந்து விழுந்திருக்கும். அந்த நேரத்துக்குத் தலைமை ஆசிரியர் போன் பண்ணினார். இவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய், சொல்லுங்க சார், வந்துட்டே இருக்கேன் சார் என்று பேசி, திரும்பி வந்து சட்டையை மாட்டிக்கொண்டு, சாயந்திரம் முரளியைக் கூட்டிட்டு வரேன், வேண்டாததை எடுத்துடுவான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இட்லி இரண்டு தட்டிலேயே இருந்தது. நான் அந்தத் தட்டைக் கழுவினேன், தரையில் சொட்டைத் துடைத்தேன், துணி துவைத்தேன், நகராட்சித் தண்ணீர் வருகிற நாள் என்பதால் தொட்டியை நிரப்பினேன், மதியம் சாப்பிட்டேன் என்று நினைக்கிறேன். காலையிலேயே இந்த நாற்காலிக்கு வந்திருக்கலாம். ஆறு மணி நேரம் இருந்தது. வரவில்லை. எழுத வேண்டிய பரீட்சை நாளில் அலமாரியை அடுக்குகிற பிள்ளைபோல அடுக்களையையே சுற்றிக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு முன் சாத்தூரில் ஒரு டிடிபி சென்டரில் மூன்று வருஷம் இருந்தேன் என்பது அவருக்குத் தெரியும், டைப் அடிப்பேன் என்றுதான் தெரியும். கம்ப்யூட்டரைப் பிரித்து மாட்டுவேன், கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து கல்யாணப் பத்திரிகை டிசைன்களை மீட்டுக் கொடுத்திருக்கிறேன் என்று நான் சொன்னதில்லை. வந்த புதிதில் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் நாலு பேர் முன்னால், இவளுக்கு மவுஸைப் பிடிக்கக்கூடத் தெரியாது என்று சிரித்துச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதைத் திருத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன், முதலில் மரியாதைக்கு, பிறகு பயத்துக்கு. பிறகு அது எனக்கு உபயோகமாயிற்று. டி டிரைவிலிருந்து பத்து ஜிபியைக் கிள்ளித் தனியாக எடுத்து, சிஸ்டம் ரிசர்வ்டு என்று பெயர் வைத்து, எழுத்தைப் பறித்து மறைத்தது நான்தான். நித்திலா அப்போது நாலாம் வகுப்பு. எவனாவது தற்செயலாகப் பார்த்தாலும், கம்ப்யூட்டர் தனக்கு ஒதுக்கிக்கொண்ட இடம், நமக்கெதுக்கு என்று போய்விடட்டும் என்று அந்தப் பெயர். உள்ளே இருபத்து மூன்று போட்டோ. மணிக்கட்டு, முதுகு, காதோரம், தொடையில் மரஸ்கேல் பதிந்த இரண்டு கோடு. பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக எழுதிய ஆஸ்பத்திரிச் சீட்டு மூன்று. பழைய செல்போனைப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்து எடுத்த ரெக்கார்டிங் முப்பத்தொன்று. எல்லாம் ஓய்ந்த பிறகு நானே போனை வாய்ப்பக்கம் வைத்துத் தேதி, கிழமை, மணி, காரணம் சொல்லி முடிப்பேன். காரணம் என்று ஒன்றைச் சொல்லவேண்டும் என்று எப்படித் தோன்றியது எனக்கு? துவரம்பருப்பு வேகவில்லை. போன் இரண்டு தடவை அடித்தும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசும்போது சிரித்தேன். கோர்ட்டில் கேட்பார்கள் என்று நினைத்தேனா, இல்லை நானே அதற்கு ஒரு காரணம் இருக்கட்டும் என்று விரும்பினேனா. அப்புறம் ஏழு கடிதம், மகளிர் காவல் நிலைய ஆய்வாளர் அவர்களுக்கு, பொருள், ஐயா அல்ல அம்மா, தேதி போட வேண்டிய இடம் ஏழிலும் காலி.

இவ்வளவும் சேர்ந்து ஒரு ஜிபி வராது. அதுதான் எனக்குப் புரியவில்லை. பத்து ஜிபி டிரைவில் ஒரு ஜிபி வைத்தால் பட்டை ஓரத்தில் கொஞ்சம் நீலமாக இருக்கும், இப்படிச் சிவப்பாக வழியாது. காலையிலிருந்து இதை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன், பாத்திரம் கழுவும்போதும் இதுதான், தொட்டி நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டம்மா மோட்டார் மோட்டார் என்று கத்தியபோதும் இதுதான். எழுத்து எப்படி வந்தது என்பதற்காவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பெரிய அப்டேட் வந்தால் சில சமயம் மறைந்த டிரைவுக்கெல்லாம் அதுவாக எழுத்துக் கொடுத்துவிடும், சாத்தூரிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் நிறைந்தது எப்படி? அப்டேட் எதையாவது கொண்டுவந்து கொட்டியதா? வைரஸா? அவரேவா? அவருக்கு எல்லாம் தெரிந்து, தெரிந்தும் காலையில் தெரியாத மாதிரிக் கேட்டாரா? அப்படிச் செய்யக்கூடியவர். ஒருமுறை நான் என் தம்பிக்கு எழுதிய கடிதத்தை மூன்று வாரம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே என்னோடு சாப்பிட்டார், சினிமாவுக்குப் போனார், நித்திலாவுக்குக் காது குத்தினார், காது குத்திய அன்று சாயந்திரம் மடித்த காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அப்படியென்றால் முரளி வருவது டிரைவை எடுக்க இல்லை, சாட்சிக்கு. என் தம்பியே பார்த்தான், இவள் என்ன வேலை செய்து வைத்திருக்கிறாள் என்று நாளைக்கு ஊரில் சொல்வார். உள்ளே போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்காமலே எழுத்தை எடுத்துவிட்டால் தெரியாமலே போய்விடும். தெரியாமல் இருப்பதுதான் நல்லது என்று ஒரு பக்கம் சொல்கிறது, அதே பக்கம்தான் பதினைந்து வருஷமாக எல்லாவற்றுக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஊரில் யாரையும் கேட்டுப்பாருங்கள், குணசீலன் சார் பிள்ளைகள் மேல் கைவைக்காத வாத்தியார். பிசிக்ஸ் வராத பையனைக்கூடப் பக்கத்தில் உட்காரவைத்துத் தோளைத் தட்டிச் சொல்லிக்கொடுப்பார். இந்த வீட்டு முன்னறையில் டியூஷன் நடக்கும்போது நான் டீ கொண்டுபோய் வைப்பேன், அப்போது அவர் குரலைக் கேட்டால் எனக்கே சந்தேகம் வந்துவிடும், என் உடம்பில் இருப்பதெல்லாம் நானே எங்கேயோ இடித்துக்கொண்டதுதானோ என்று. என் இடது காதில் இப்போது பாதிதான் கேட்கும். யாராவது இடதுபக்கம் நின்று பேசினால் தலையைத் திருப்பிக்கொள்வேன், அண்ணிக்கு எப்பவும் ஒரு ஸ்டைல் என்று முரளி கிண்டல் செய்வான். போன வருஷம் ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரம், ஏழாவது கடிதத்தைப் பிரிண்ட் எடுத்து மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு மகளிர் காவல் நிலையம் வரைக்கும் போனேன். எதிர்ப்பக்கம் ஜூஸ் கடை ஓரத்தில் நின்றேன். ரோட்டைக் கடக்கவேண்டியதுதான் பாக்கி. உள்ளேயிருந்து காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் வந்து நேராக என்னைப் பார்த்து, முகமெல்லாம் பூரித்து, அம்மா, என்னை ஞாபகம் இருக்கா, சார்கிட்ட டியூஷன் படிச்சேன், உங்க வீட்டு டீ குடிச்சுத்தான்மா நான் இந்த வேலைக்கே வந்தேன், சார் நல்லா இருக்காரா என்றாள். நல்ல பிள்ளை. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள், பிடித்த இடம் முந்தின நாள் முறுக்கிய இடம், வலித்தது, வலிக்கிற மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. நல்லா இருக்கார்ம்மா, உன்னைப் பத்திப் பெருமையா சொல்வார் என்றேன். வீட்டுக்கு வந்து காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அதற்கப்புறம் ரெக்கார்டிங் எடுக்கவில்லை, போட்டோ எடுக்கவில்லை, இந்த டிரைவைத் திறக்கவே இல்லை. யாரிடம் கொடுக்க? எதற்கு? செல்போனைப் பருப்பு டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்துப் பரணில் போட்டேன். ஒரு வேலை குறைந்தது என்று அன்றைக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மூன்று நாற்பது. ரைட் கிளிக் செய்தேன். பட்டியல் விரிந்தது. டிரைவ் எழுத்தை மாற்று என்ற வரிக்குக் கொஞ்சம் கீழே ஃபார்மட், அதற்கும் கொஞ்சம் கீழே டெலீட். விரல்நுனி அகலம்தான் இடைவெளி. ஒன்று மறைக்கும், ஒன்று இல்லாமலாக்கும். அம்பு டெலீட்டின் மேல் போய் நின்றது, கை தவறிப் போனது என்று சொல்லிக்கொள்கிறேன், ஆனால் நின்ற இடத்திலிருந்து அதை நகர்த்தவில்லை. அதை அழுத்தினால் என்ன? முரளி வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. இனி எந்த அப்டேட் வந்தாலும் எதுவும் தலை நீட்டாது. நான் நாளைக்குச் செத்துப்போனால்கூட, குணசீலன் சார் மனைவி நல்ல அம்மா, டீ நன்றாகப் போடுவார் என்று சொல்லிப் பிள்ளைகள் மாலை போடுவார்கள், கெட்ட பெயர் யாருக்கும் இல்லை. இதில் இருக்கிற பெண் யார்? முகம் வீங்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, துவரம்பருப்பு வேகவில்லை என்று இருட்டுப் போனில் கிசுகிசுக்கிறவள். அவளை எனக்கும் பிடிக்கவில்லை. அவள் வாயை மூடிவிட்டால் எல்லாருக்கும் சுகம். அழுத்து, பொற்கொடி. அழுத்தினேன் என்றே நினைத்தேன், விரல் இறங்கவே இல்லை. வெளியே பழைய பேப்பர்க்காரன் வண்டியைத் தள்ளிக்கொண்டு கத்திக்கொண்டே போனான். அவன் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அப்படியே இருந்தேன். அப்புறம் பட்டியலை மூடிவிட்டு, எதற்கென்று தெரியாமல், டிரைவைத் திறந்தேன். அழிப்பதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்றிருக்கலாம். பூட் என்ற உறையைத் திறந்தேன்.

என் உறைகள் மூன்றும் இருந்தன. நாலாவதாக ஒன்று இருந்தது. அதற்குத் தமிழில் பெயர். தொடர்ச்சி. முதலில் எனக்குப் புரியவில்லை, நானே எப்போதோ வைத்து மறந்துவிட்டேனோ என்றுகூடப் பார்த்தேன். உள்ளே நாற்பதுக்கு மேல் வீடியோ. முதல் வீடியோவின் தேதி போன வருஷம் ஜூன் இருபத்தெட்டு. என்னுடைய கடைசி ரெக்கார்டிங் ஜூன் ஏழு. நடுவில் ஒன்றும் இல்லாத மூன்று வாரம். கடைசி வீடியோ நேற்று ஏற்றியது, முந்தாநாள் எடுத்தது. ஒன்றைத் தட்டினேன். இருட்டு. பிறகு அடியில் ஒரு வெளிச்சக் கோடு, அது எங்கள் படுக்கையறைக் கதவுக்குக் கீழே இருக்கிற இடைவெளி என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கோட்டுக்குள் நாலு பாதம். இரண்டு அவருடையது. இரண்டு என்னுடையது, மெட்டி தெரிகிறது. என் பாதங்கள் பின்னால் போகின்றன, சுவருக்குப் போய் நிற்கின்றன, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. சத்தத்தை நான் குறைத்துவிட்டேன். குறைத்த பிறகும் வலது காதில் கேட்டது. பிறகு ஓய்ந்தது, பாதங்கள் இரண்டு மட்டும் நின்றன, என்னுடையது. அப்போது வெகு அருகில், மூச்சுக் காற்று மைக்கில் மோத, ஒரு சின்னக் குரல் சொல்லிற்று: “தேதி பதினாலு. வியாழக்கிழமை. மணி எட்டு அஞ்சு. காரணம், இட்லி ஆறிப்போச்சு.” கொஞ்சம் நிறுத்தி, “அம்மாவுக்கு இடது பக்கம்” என்று சொல்லி முடித்தது. என் மகள். எட்டாம் வகுப்பு. நான் எப்படிச் சொல்வேனோ அதே வரிசை, அதே ஏற்ற இறக்கம், கிழமைக்குப் பிறகு நான் விடுகிற அதே இடைவெளி. என் முப்பத்தொன்றையும் கேட்டுத்தான் படித்திருக்கிறாள். ஆன்லைன் கிளாசுக்காகக் கொரோனா சமயத்தில் வாங்கிய டேப்லெட், கேமரா மங்கிவிட்டது என்று நான் மூலையில் போட்ட டேப், அதை வைத்துத் தரையில் குப்புறப் படுத்து எடுத்திருக்கிறாள். வீடியோ என்பதால்தான் டிரைவ் நிறைந்துவிட்டது. அடுத்த அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிறாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று எத்தனை நாள் நான் கதவைத் திறந்து பார்த்துச் சமாதானம் அடைந்திருக்கிறேன். அந்த ஹெட்போன் வயர் எங்கேயும் சொருகியிருக்கவில்லையோ என்னவோ.

கடிதங்கள் இருந்த உறையில் எட்டாவதாக ஒன்று இருந்தது. மகளிர் காவல் நிலைய ஆய்வாளர் அவர்களுக்கு. நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். என் அப்பா நல்ல ஆசிரியர். வெளியே யாரையும் அடிக்க மாட்டார். என் அம்மா புகார் எழுதி வைத்திருக்கிறார்கள். கொடுக்க மறந்துவிடுகிறார்கள். அதற்கு மேல் இல்லை. மறந்துவிடுகிறார்கள் என்பதற்குப் பக்கத்தில் கர்சர் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது, அடுத்த வார்த்தைக்குக் காத்திருப்பதுபோல. நான் அதைப் படித்தேன். திரும்பப் படித்தேன். மறந்துவிடுகிறார்கள். தைரியமில்லை என்று எழுதியிருக்கலாம், பயப்படுகிறார்கள் என்று எழுதியிருக்கலாம். பிள்ளைக்கு அம்மாவைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கேட்டில் ஏதோ சத்தம். பூனை. மணி நாலு ஐந்து. எல்லாவற்றையும் அவசர அவசரமாக மூடினேன், ரைட் கிளிக், எழுத்தை மாற்று, ரிமூவ், எஸ். ஒரு பெட்டி வந்தது. டிரைவ் உபயோகத்தில் இருக்கிறது, கம்ப்யூட்டரை அணைத்து ஆன் செய்தால்தான் முழுசாகப் போகும் என்றது. எஸ். ரீஸ்டார்ட் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் தெரிந்தது, அப்டேட் ஒன்று அதற்காகவே காத்துக்கொண்டிருந்தது. அணைக்காதீர்கள் என்று போட்டு ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. மூன்று சதவீதம். பதினொன்று. கரண்ட் போகக்கூடாது என்று கும்பிட்டேன், எந்தச் சாமியை என்று தெரியாது. இருபத்தேழில் பத்து நிமிஷம் நின்றது. அவ்வளவு நேரமும் என் மனசில் ஓடியது பயம்கூட இல்லை, ஒரே கணக்கு. போன ஜூன் இருபத்தெட்டிலிருந்து முந்தாநாள் வரை. நாற்பத்து மூன்று தடவை அவள் அந்தத் தரையில் படுத்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்க் காலையில் தலை பின்னிக்கொள்ள என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறாள், இறுக்கிப் பின்னாதம்மா வலிக்குது என்று சொல்லியிருக்கிறாள்.

கம்ப்யூட்டர் விழித்தபோது சி, டி இரண்டுதான் இருந்தன. வெளியே வேன் ஹாரன். நித்திலா உள்ளே வந்து ஷூவைக் கழற்றாமலே மேஜையருகில் வந்து நின்று திரையைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன்.

“எஃப் எங்கம்மா?”

“மறைச்சுட்டேன்.”

“மறைச்சியா, அழிச்சியா?”

“மறைச்சேன்.”

பையை இறக்கி வைத்தாள். “நேத்து அப்பா சீக்கிரம் வந்துட்டாங்க. எழுத்தை எடுக்கறதுக்குள்ள கேட் சத்தம் கேட்டுச்சு. ஷட் டவுன் மட்டும்தான் பண்ண முடிஞ்சுது. ஸாரிம்மா.”

என்னிடம் ஸாரி கேட்கிறாள். “உனக்கு எப்படிடி தெரியும் இது?” என்றேன்.

“ஜுரம்னு லீவு போட்டு வீட்ல இருந்தேன்ல. தூங்குறேன்னு நினைச்சு நீ பண்ணிட்டிருந்த. பார்த்தேன்.” ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள், என்னைப் பார்க்காமல். “அப்புறம் உன் ஃபைல் ஜூனோட நின்னுபோச்சு. சரி, நீ மறந்துட்டேன்னு நினைச்சேன்.”

கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. இனிமேல் தரையில் படுக்காதே என்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. டிபன் பாக்ஸை எடுத்துக் கழுவப்போடு என்றுதான் என் வாயிலிருந்து வந்தது. அவளும் எடுத்துக்கொண்டு போனாள். அதற்குள் ஸ்கூட்டர் வந்து நின்றது. முரளியின் சிரிப்புச் சத்தம், கேட் தாழ்ப்பாள், அவருடைய செருப்பு.

ஹாலில் நாற்காலி இழுபட்டது. நான் அடுக்களையில் பால் வைத்தேன். “அண்ணா, எஃப்னு ஒண்ணையும் காணோமே, சி, டி ரெண்டுதான் இருக்கு” என்றான் முரளி. “காலையில என் கண்ணால பார்த்தேன்டா” என்றார் அவர், பிறகு குரலை உயர்த்தாமல், “பொற்கொடி, நீ ஏதாவது தொட்டியா?” என்றார். இல்லைங்க, அப்டேட்டுன்னு என்னமோ ஓடிச்சு, தானா அணைஞ்சு தானா வந்துச்சு என்றேன். சரி இருங்க, உள்ளே போய்ப் பார்க்கிறேன் என்று முரளி தட்ட ஆரம்பித்தான். டிரைவ்களைப் பிரிக்கிற, சேர்க்கிற அந்த இடம் அவனுக்குத் தெரியும். எழுத்தில்லாத டிரைவும் அங்கே படமாகத் தெரியும், அதை மறைக்க எனக்கு வழி தெரியாது, யாருக்கும் தெரியாது. பால் ஓரத்தில் நுரைத்தது. நித்திலா யூனிபாரம் மாற்றி, முகம் கழுவி, தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள், வலது பக்கமாக. மெதுவாகச் சொன்னேன், “நாளைக்கு நீ ஸ்கூலுக்குப் போக வேண்டாம். நாம ரெண்டு பேரும் கிளம்பிடலாம். நாளைக்குப் போயிடலாம்.”

அவள் டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தாள். “உன் ஃபைல் எல்லாத்துலயும் கடைசியா அதான் சொல்லியிருக்கம்மா” என்றாள். கோபமில்லை, குறையில்லை, நாளைக்கு முதல் பீரியட் கணக்கு என்று சொல்கிற மாதிரி. “முப்பத்தொண்ணுலயும்.”

சொல்லியிருக்கிறேனா? காரணம் சொல்வேன், அது ஞாபகம் இருக்கிறது, காரணத்துக்குப் பிறகு என்ன சொல்வேன்? சொல்லியிருக்கிறேன். நாளைக்குப் போயிடணும், நாளைக்குப் போயிடுவேன். அது என் காதில் விழுந்ததே இல்லை, மூச்சு விடுவதுபோல அது வந்துகொண்டிருந்திருக்கிறது. நான் காபியை ஊற்றினேன். ஒரு டம்ளரில் தளும்பித் தட்டில் சிந்தியது. அவள் துணியால் துடைத்து, தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள்.

“இங்க இருக்குண்ணா” என்றான் முரளி ஹாலில். “எழுத்து இல்லாம ஒரு பத்து ஜிபி தனியா கிடக்கு. தூக்கிட்டு டி-யோட சேர்த்துடவா? இடமாவது கிடைக்கும்.”

“வேண்டாததுன்னா தூக்கிடு.”

இப்போது நான் வெளியே போக வேண்டும். போய் என்ன சொல்ல? அது என்னுடையது என்று. அவ்வளவுதான், இரண்டே வார்த்தை. மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன், கால்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருப்பதைக் குனிந்து பார்த்தேன். அப்போது நித்திலாவின் குரல் கேட்டது, தெளிவாக, கொஞ்சம் துள்ளலோடு.

“சித்தப்பா, காபி. ஐயோ, அதைத் தொடாதீங்க சித்தப்பா, அது ரிக்கவரி. எங்க லேப்ல டென்த் அண்ணா ஒருத்தர் இப்படித்தான் தூக்கிட்டாங்க, அப்புறம் சிஸ்டம் ஆனே ஆகல. மிஸ் என்னா திட்டுத் திட்டுனாங்க தெரியுமா!”

மவுஸ் சத்தம் நின்றது. “ஆமாண்ணா” என்றான் முரளி, “பேரும் சிஸ்டம் ரிசர்வ்டுன்னுதான் இருக்கு. விட்டுடலாம், எதுக்கு வம்பு. கண்ணுலதான் படலையே.”

“பார்த்தியாடா” என்றார் அவர். அந்தக் குரலில் பெருமை, நிஜமான பெருமை. “எட்டாவது படிக்குது. இவங்க அம்மாவுக்கு மவுஸைப் பிடிக்கத் தெரியாது.”

மூன்று பேரும் சிரித்தார்கள். நித்திலாவின் சிரிப்பு தனியாகக் கேட்டது. கல்யாண வீடுகளில் அவருடைய பழைய மாணவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு சாரைப் பற்றிச் சொல்லும்போது நான் சிரிப்பேனே, எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே தொடங்கி, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி, அந்தச் சிரிப்பு. எனக்கு அது சரியாக வருவதற்கு ஆறேழு வருஷம் ஆயிற்று. அவளுக்கு இப்போதே ஒரு பிசிறில்லாமல் வருகிறது.